தேனீக்குப் பயந்து பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவரைத் தேனீயோ குளவியோ கொட்டி ஒவ்வாமை கிளம்பிவிட்டால், உயிர் காக்கும் ஊசிகூடப் பலிக்காது என்று ஒரு பேச்சு உண்டு. இதை வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. மருத்துவப் பாடநூல்களிலேயே இதற்கு வேர் இருக்கிறது. ஒவ்வாமை நிபுணர்கள் பலர் நெடுங்காலமாக இப்படித்தான் எச்சரித்து வந்தார்கள். ஆனால் அந்த எச்சரிக்கை மருத்துவர் அறையிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ‘அப்படியென்றால் மாத்திரையை விட்டுவிடு’ என்று சுருங்கிவிடுகிறது. அந்தச் சுருக்கம்தான் கொட்டு வாங்குவதைவிட ஆபத்தானது என்பது என் கட்சி. கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், மாத்திரையின் மீது சுமத்தப்பட்ட குற்றத்தில் பெரும் பகுதி மாத்திரை சாப்பிடுகிறவரின் வயதுக்கும் அவர் இதயத்தின் நிலைமைக்கும் சேர வேண்டியது என்றுதான் தெரிகிறது. மீதமிருக்கும் சிறு பகுதியை என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. அதற்கும் வருகிறேன்.

முதலில் ஒரு பிரிவினை. செய்தித்தாளில் நாம் அடிக்கடி படிக்கும் ‘கதண்டு கடித்து விவசாயி பலி’ வகைச் சாவுகள் எல்லாம் ஒவ்வாமைச் சாவுகள் அல்ல. பனைமரத்துக் கூடு கலைந்து நூற்றுக்கணக்கில் வந்து கொட்டினால், விஷத்தின் அளவே ஆளைச் சாய்த்துவிடும்: தசை சிதையும், சிறுநீரகம் அடைபடும், ரத்த அணுக்கள் உடையும். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூட்டமாகக் குளவிக் கொட்டுக்கு ஆளாகும்போதும் இந்த விஷக் கணக்கு முக்கியமானது. ஒவ்வாமை வேறு சங்கதி. அங்கே ஒரே ஒரு கொட்டு போதும். முன்பு எப்போதோ வாங்கிய கொட்டுக்கு எதிராக உடல் தயாரித்து வைத்திருக்கும் ஐஜிஇ எதிர்ப்பொருள்கள் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. விஷப் புரதம் வந்து தொட்டவுடன் அந்தச் செல்கள் ஹிஸ்டமினையும் இன்னும் பலவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டிவிடுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிந்து கசியும், மூச்சுக்குழல் இறுகும், ரத்த அழுத்தம் சரியும். இதற்குத்தான் அனாபிலாக்சிஸ் என்று பெயர். பிரிட்டனில் இத்தகைய மரணங்களைத் தொகுத்து ஆராய்ந்த பம்ஃப்ரி 2000இல் வெளியிட்ட கணக்கின்படி, பூச்சி கொட்டி இறந்தவர்களுக்கு மூச்சோ இதயமோ நிற்பதற்கு ஆன இடைநிலை நேரம் 15 நிமிடம். உணவு ஒவ்வாமையில் அது 30 நிமிடம். இந்தப் பதினைந்து நிமிடம்தான் விஷயத்தின் நடுநாயகம் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

பிரஷர் மாத்திரை இதில் எங்கே நுழைகிறது? இரண்டு குடும்பங்கள் மட்டும்தான் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. ஒன்று அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள். அனாபிலாக்சிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின். அது ஆல்ஃபா ஏற்பிகள் வழியாகக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைத் தூக்குகிறது. பீட்டா ஏற்பிகள் வழியாக இதயத்தை வலுவாகத் துடிக்க வைத்து, மூச்சுக்குழலைத் திறந்து, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டாதபடி அடக்குகிறது. பீட்டா வாசலில் மாத்திரை உட்கார்ந்திருந்தால் இரண்டாவது வேலை அரைகுறையாகும் என்பது வாதம். உடலே சுரக்கும் அட்ரினலினுக்கும் அதே கதி. இது காகிதக் கணக்கு மட்டுமில்லை. பீட்டா பிளாக்கர் எடுத்தவர்களுக்கு அட்ரினலின் எடுபடாமல் போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

இரண்டாவது குடும்பம் எனலாப்ரில், ரமிப்ரில் வகையறா. ஏசிஇ தடுப்பான்கள் என்பார்கள். ஏசிஇ என்ற நொதிக்கு இரண்டு வேலை. ஆஞ்சியோடென்சின் 2 என்ற குழாய் சுருக்கியை உண்டாக்குவது ஒன்று. பிராடிகைனின் என்ற குழாய் விரிப்பியைச் சிதைப்பது மற்றொன்று. நொதியை முடக்கினால் சுருக்கி குறையும், விரிப்பி தேங்கும். ரத்த அழுத்தம் இறங்க வேண்டும் என்றுதானே மாத்திரை கொடுத்தோம், அதனால் சாதாரண நாளில் இது நல்லது. அழுத்தம் தானாகவே பாதாளத்துக்குச் சரியும் நாளில் உடலின் தற்காப்புகளில் ஒன்றைப் பறித்துவிட்ட மாதிரி ஆகும். இந்த மாத்திரைகளால் சிலருக்கு வரும் வறட்டு இருமலும் உதடு நாக்கு வீக்கமும் பிராடிகைனின் கைவரிசைதான் என்பதால், சந்தேகம் எழுந்ததில் வியப்பில்லை. ஆம்லோடிபின், டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், குளோர்தாலிடோன் ஆகியவை இந்தப் பட்டியலில் இல்லை. டெல்மிசார்ட்டன் ஆஞ்சியோடென்சினின் ஏற்பியைத்தான் மறிக்கிறது, பிராடிகைனினைச் சிதைக்கும் நொதியைத் தொடுவதில்லை. இதைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம், ‘பிரஷர் மாத்திரை’ என்று பொதுவாகப் பேசும்போது சந்தேகத்துக்கே இடமில்லாத மருந்துகளும் சேர்ந்து பழி சுமக்கின்றன. இந்திய அரசின் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியின் சிகிச்சை நெறியில் முதலில் ஆம்லோடிபின், அடுத்து டெல்மிசார்ட்டன் என்று வருகின்றன. இந்த வழியில் மருந்து வாங்குகிற ஒருவருக்கு இந்தக் கட்டுரையின் கவலையே பெரும்பாலும் பொருந்தாது.

இனி சாட்சியங்கள். 1992இல் லான்செட் இதழில் பிரெஞ்சு மருத்துவர்கள் ஒரு குறிப்பு எழுதினார்கள். விஷத்தையே சிறிய அளவில் ஊசியாகப் போட்டு உடலைப் பழக்கும் ‘விஷச் சிகிச்சை’ பெற்றுக்கொண்டிருந்த நோயாளிகள் ஏசிஇ தடுப்பான் எடுத்தபோது ஊசிக்கே கடும் எதிர்வினை காட்டினார்கள் என்பது அதன் சாரம். எண்ணிக்கை விரல் விட்டு எண்ணக்கூடியது. ஆனால் அச்சத்துக்கு விதை அதுதான். பிறகு 2009இல் ஐரோப்பிய ஒவ்வாமை நிபுணர்களின் பெரிய கூட்டாய்வு வந்தது. ருயெஃப் தலைமையில் 962 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டினார்கள். அவர்களில் 206 பேருக்கு, அதாவது 21.4 சதவீதத்தினருக்கு, மிகக் கடுமையான எதிர்வினை வந்திருந்தது. ஏசிஇ தடுப்பான் எடுத்தவர்களுக்கு அப்படி ஆகும் சாத்தியம் 2.27 மடங்கு. பீட்டா பிளாக்கர் அந்த ஆய்வில் தனிக் காரணியாகத் தேறவில்லை. 2015இல் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் அனாபிலாக்சிஸ் பதிவேட்டை வைத்தும் எலிகளை வைத்தும் இன்னோர் ஆய்வு வந்தது: ரமிப்ரிலும் மெட்டோப்ரோலாலும் சேரும்போது எதிர்வினை கடுமையாகிறது, மாஸ்ட் செல்கள் எளிதில் தூண்டப்படும் நிலைக்குத் தள்ளப்படுகின்றன என்றது. 2019இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் அதுவரை வந்த கண்காணிப்பு ஆய்வுகளைத் திரட்டி, எல்லாவகை அனாபிலாக்சிஸிலும் கடுமை கூடும் சாத்தியம் பீட்டா பிளாக்கருக்கு 2.19 மடங்கு, ஏசிஇ தடுப்பானுக்கு 1.56 மடங்கு என்று கணக்குச் சொன்னார்கள். இத்தோடு நிறுத்திக்கொண்டால் வழக்கு முடிந்தது, மாத்திரை குற்றவாளி.

ஆனால் அந்த 2019 தொகுப்பாசிரியர்களே தங்கள் முடிவின் அடியில் ஒரு பெரிய எச்சரிக்கையைத் தொங்கவிட்டிருந்தார்கள்: இந்தச் சான்றின் தரம் குறைவு, ஏனென்றால் மாத்திரையின் விளைவையும் மாத்திரைக்குக் காரணமான இதய நோயின் விளைவையும் பெரும்பாலான ஆய்வுகள் பிரித்துப் பார்க்கவில்லை. யோசித்தால் விளங்கும். ரமிப்ரில் யாருக்குக் கொடுக்கப்படுகிறது? இருபது வயது இளைஞருக்கு இல்லை. அறுபதைத் தாண்டியவருக்கு, மாரடைப்பு வந்தவருக்கு, சர்க்கரை உள்ளவருக்கு. மாத்திரையே இல்லாவிட்டாலும் இவர்களுக்குத்தான் அனாபிலாக்சிஸ் மோசமாகப் போகும். ருயெஃப் ஆய்விலேயே வயது கூடுவதும் ஆணாக இருப்பதும் தனித்தனி அபாயக் காரணிகளாக வந்தன. குடை பிடித்தவர்கள் அதிகம் நனைந்திருக்கிறார்கள் என்று கண்டு குடைதான் நனைக்கிறது என்று முடிவுகட்டுவது போன்ற சறுக்கல் இங்கே எளிதில் நேரும். மழையின் அளவை முதலில் கழிக்க வேண்டும்.

இதயத்துக்கும் ஒவ்வாமைக்கும் நேரடித் தொடர்பே உண்டு. இதயத் தசையிலும் இதயத் தமனிகளின் சுவரிலும் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. ஒவ்வாமை கிளம்பும்போது அவையும் கொட்டுகின்றன. தமனி இறுகி நெஞ்சுவலியோ மாரடைப்போ வரலாம். கிரேக்க மருத்துவர் நிக்கோலஸ் கூனிஸ் 1991இல் இதை விவரித்ததால் கூனிஸ் நோய்க்குறி என்றே பெயர். ஏற்கெனவே அடைப்பு உள்ள தமனிக்கு இது இன்னும் ஆபத்து. ஆக, வயதான இதயம் கொட்டுக்குத் தாங்காமல் போவதற்கு மாத்திரையைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. இன்னும் சொல்லப்போனால், அந்த இதயத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மாத்திரையை நிறுத்திய பிறகு கொட்டு விழுந்தால் நிலைமை மேம்படும் என்று நம்ப என்ன ஆதாரம்?

மழையைக் கழித்துப் பார்த்த ஆய்வுகளும் வந்தன. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்து 2005இல் வந்த ஆய்வு, பீட்டா பிளாக்கரோடே விஷச் சிகிச்சை பெற்ற இதய நோயாளிகளுக்குப் பக்கவிளைவு மற்றவர்களைவிடக் கூடவில்லை என்றது. எண்ணிக்கை சிறியது. 2012இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் குழு 657 பேரை ஆராய்ந்து, வயது உள்ளிட்டவற்றைக் கணக்கில் எடுத்தபின் இதய மருந்துகளின் பங்கு கரைந்துபோவதைக் காட்டியது. அவர்களுக்கு வேறொன்றும் தட்டுப்பட்டது. கொட்டிய உடனே தோலில் தடிப்போ வீக்கமோ இல்லாமல் நேராக மயக்கத்துக்குப் போகிறவர்கள், ரத்தத்தில் டிரிப்டேஸ் என்ற மாஸ்ட் செல் நொதி எப்போதுமே கூடுதலாக இருப்பவர்கள், இவர்களுக்குத்தான் கடுமை. மருந்தின் பங்கு மிகையாக மதிப்பிடப்பட்டிருக்கிறது, தோல் அறிகுறி இல்லாமையின் பங்கு குறைவாக மதிப்பிடப்பட்டிருக்கிறது என்பது அவர்கள் வாதம். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ‘உடம்பில் தடிப்பே இல்லையே, ஒவ்வாமை இல்லை, பயத்தில் மயங்கிவிட்டார்’ என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுப்பது நம்மிடையே சகஜம். உண்மையில் அந்தத் தடிப்பில்லாத மயக்கம்தான் மோசமான வகை.

பிறகு 2021இல் வந்தது எல்லாவற்றிலும் பெரியது. ஐரோப்பிய ஒவ்வாமை அகாதமியின் பல மைய ஆய்வு. ஷ்டுர்ம் முதல் ஆசிரியர். பழைய கோப்புகளைப் புரட்டாமல், நோயாளிகளை முன்னோக்கித் தொடர்ந்தார்கள். மொத்தம் 1,425 பேர். அவர்களில் 388 பேர் பீட்டா பிளாக்கரோ ஏசிஇ தடுப்பானோ இரண்டுமோ எடுத்தவர்கள். முதல் பார்வையில் மாத்திரைக்காரர்களுக்குக் கொட்டு கடுமையாக இருந்ததாகத்தான் தோன்றியது. வயதைச் சரிசெய்தவுடன் அந்த வித்தியாசம் புள்ளியியல் முக்கியத்துவத்தை இழந்தது. விஷச் சிகிச்சையின்போது உடல் முழுதும் பரவும் எதிர்வினை மாத்திரை எடுத்தவர்களில் 5.6 சதவீதம், எடுக்காதவர்களில் 7.4 சதவீதம். சிகிச்சையின் பலனிலும் குறை இல்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வித்தியாசம் நிரூபணமாகவில்லை என்பதும் வித்தியாசம் இல்லை என்பதும் ஒன்றா? இல்லை. 2021 ஆய்விலும் கடுமையின் பக்கம் ஒரு சாய்வு மிச்சமிருந்தது. இன்னும் பெரிய எண்ணிக்கை இருந்தால் சிறிய அபாயம் ஒன்று வெளிப்படக்கூடும். எலி ஆய்வும் பொய்யில்லை. அதனால் ‘மாத்திரைக்கு இதில் பங்கே இல்லை’ என்று நான் சொல்ல வரவில்லை. சொல்ல வருவது, மடங்குக் கணக்கில் பேசும்போது அடிமட்ட எண் காணாமல் போகிறது என்பது. அமெரிக்காவில் 2000 முதல் 2017 வரை தேனீ, குளவி, கதண்டு வகைகள் கொட்டி இறந்தவர்கள் 1,109 பேர். ஆண்டுக்குச் சராசரி 62. முப்பது கோடியைத் தாண்டிய மக்கள் தொகையில் 62. இதை ஒரு மடங்கு கூட்டினாலும் மிகச் சிறிய எண்தான். மறுபக்கம், 2000இல் வெளிவந்த ஹோப் ஆய்வைப் பாருங்கள். இதய நோய் அபாயம் கூடிய 9,297 பேரில் பாதிப் பேருக்கு ரமிப்ரில், மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் இவற்றில் ஒன்று வந்தவர்கள் ரமிப்ரில் பக்கம் 14.0 சதவீதம், போலி மாத்திரைப் பக்கம் 17.8 சதவீதம். ஆயிரம் பேருக்கு 38 பேர் தப்புகிறார்கள்.

‘பொது மக்களின் எண்ணை ஒவ்வாமை உள்ளவர் மேல் வைத்துப் பேசுவது நேர்மையா?’ என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஏற்கெனவே ஒருமுறை கொட்டு வாங்கி மயங்கி விழுந்தவரின் அபாயம் ஊர்ச் சராசரியைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் அவருடைய அபாயத்தைக் குறைக்க மாத்திரையை நிறுத்துவது கடைசி வழி. அதைவிடப் பலமான வழி ஒன்று இருக்கிறது: விஷத்தையே மிகச் சிறிய அளவில் தொடங்கி ஏற்றி, பல ஆண்டுகள் தொடர்ந்து ஊசி போட்டு உடலைப் பழக்கும் விஷச் சிகிச்சை. 1978இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட சோதனையில், மீண்டும் கொட்டு வாங்கியபோது போலி ஊசி பெற்றவர்களில் 58 சதவீதத்துக்கு எதிர்வினை வந்தது. அதுவரை வழக்கத்திலிருந்த, முழுப் பூச்சியையும் அரைத்தெடுத்த சாறு பெற்றவர்களில் 64 சதவீதம். தூய விஷம் பெற்றவர்களில் ஒருவருக்கு மட்டும். (பூச்சிச் சாறு பல பத்தாண்டுகள் நம்பிக்கையோடு கொடுக்கப்பட்டு வந்தது. போலி ஊசியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வரை அது பலிக்கவில்லை என்பது உறுதியாகத் தெரியவில்லை.)

மாத்திரை பற்றிய பயம் இழைத்த பெரிய அநியாயமும் இந்தச் சிகிச்சையைச் சுற்றியே நடந்தது. பீட்டா பிளாக்கர் எடுக்கிறவருக்கு விஷச் சிகிச்சை கூடாது என்று நீண்ட காலம் தடை போட்டிருந்தார்கள். யாருக்கு இதயம் பலவீனமோ, யாருக்கு அடுத்த கொட்டு உயிரையே வாங்குமோ, அவரைப் பார்த்து ‘உனக்கு ஊசி ஆபத்து, போய்விடு’ என்று திருப்பி அனுப்பியது அந்த விதி. சிலரிடம் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தினால் துடிப்பு எகிறி நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம் என்பது அந்த மருந்தோடு வரும் எச்சரிக்கைத் தாளிலேயே இருக்கிறது. 2018இல் ஐரோப்பிய ஒவ்வாமை அகாதமி வெளியிட்ட வழிகாட்டுதல் இதை மாற்றியது: பீட்டா பிளாக்கரும் ஏசிஇ தடுப்பானும் தொடரலாம், சாத்தியமான அபாயத்தை நோயாளியிடம் விளக்கிச் சொல்ல வேண்டும். அமெரிக்க நெறிமுறைகளும் தனித்தனி நோயாளியாக எடைபோட்டு முடிவெடுக்கச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டன.

அடுத்த ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது, எனக்கும் இதில் பாதி உடன்பாடு உண்டு. ‘ஆம்லோடிபின் மலிவாகக் கிடைக்கிறது, டெல்மிசார்ட்டனும் கிடைக்கிறது, சந்தேகமில்லாத மருந்து இருக்கும்போது சந்தேகமுள்ளதை ஏன் தொடர வேண்டும்?’ ரத்த அழுத்தம் மட்டுமே உள்ளவர், இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ வேறு கோளாறு இல்லாதவர், முன்பு கொட்டுக்குக் கடும் எதிர்வினை கண்டவர் என்றால் மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்வதில் இழப்பொன்றும் இல்லை. வேறு காரணம் இல்லாமல் வெறும் பிரஷருக்கு அட்டெனலால் முதல் தேர்வாக இருப்பதும் இப்போது பல வழிகாட்டுதல்களில் இல்லை. ஆனால் மாரடைப்புக்குப் பின் மெட்டோப்ரோலால் எடுப்பவர், இதயச் செயலிழப்புக்கு ஏசிஇ தடுப்பானோடு நிற்பவர், துடிப்பு தாறுமாறாகப் போவதை மாத்திரையால் கட்டி வைத்திருப்பவர், இவர்களுக்கு அந்த மருந்து பிரஷர் எண்ணை இறக்குவதற்காக மட்டும் கொடுக்கப்பட்டதல்ல. இங்கே மாற்றம் என்பது இதய மருத்துவர் சொல்ல வேண்டியது. கொட்டு பற்றிய வரலாறே இல்லாத, தோட்டத்தில் தேனீ பறக்கிறதே என்று மட்டும் பயப்படுகிற ஒருவர் மாத்திரையைத் தொடவே கூடாது.

இனி அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு வருவோம். பிரஷர் மாத்திரைக் கதையால் நேரும் இன்னொரு தீங்கு ஊசி அறையில் நடக்கிறது. ‘இவருக்கு பிரஷர் இருக்கிறது, அட்ரினலின் போட்டால் ஸ்ட்ரோக் வந்துவிட்டால்?’ என்ற தயக்கம். அதனால் முதலில் ஏவில் ஊசி, கூடவே ஒரு ஸ்டீராய்டு ஊசி, ‘பார்ப்போம்’ என்று ஒரு காத்திருப்பு. ஏவில் அரிப்பைக் குறைக்கும். சரிந்த அழுத்தத்தைத் தூக்காது. ஸ்டீராய்டு வேலை தொடங்கவே மணிக்கணக்கு ஆகும். அனாபிலாக்சிஸில் அட்ரினலினைக் கொடுக்கவே கூடாது என்று சொல்லும் நோய் எதுவும் கிடையாது என்பதில் உலகின் வழிகாட்டுதல்கள் எல்லாம் ஒரே குரல்: பிரஷர் இருந்தாலும், இதய நோய் இருந்தாலும், பீட்டா பிளாக்கர் எடுத்தாலும். வயது வந்தவருக்கு 0.5 மில்லிகிராம் வரை, தொடையின் வெளிப்பக்கத் தசையில். போதவில்லை என்றால் 5 முதல் 15 நிமிட இடைவெளியில் மறுபடியும். அட்ரினலினால் இதயத்துக்குக் கேடு நேர்ந்த நிகழ்வுகள் பெரும்பாலும் நரம்பில் நேராக, அளவு மீறி ஏற்றியதால் வந்தவை; தசையில் சரியான அளவில் போட்டதால் வருவது அரிது.

பீட்டா பிளாக்கர் காரணமாக அட்ரினலின் எடுபடாவிட்டால்? அதற்கும் மருந்து இருக்கிறது. சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோனால் கொடுக்கும் குளூக்ககான்தான் அது. பீட்டா வாசலைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக இதயச் செல்லுக்குள் அதே சமிக்ஞையைக் கிளப்பிவிடுகிறது. 1 முதல் 5 மில்லிகிராம் வரை ஐந்து நிமிடத்தில் மெதுவாக நரம்பில் ஏற்றச் சொல்கிறார்கள். வாந்தி வரும், மூச்சுப்பாதையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கான சான்று தனித்தனி நோயாளி அறிக்கைகள்தான், பெரிய சோதனைகள் அல்ல. நம் ஊர்ப்பக்கத்துச் சிறிய மருத்துவமனைகளில் இது கையிருப்பில் இருக்கும் மருந்தும் இல்லை. ஆனால் அட்ரினலினும் தாராளமான சலைனும் போட்டபின் தேவைப்படும் அடுத்த படி இது. குளூக்ககான் இல்லையே என்று யாரும் அட்ரினலினைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மாத்திரை எடுப்பவருக்கு ஊசி ‘வேலை செய்யாது’ என்ற வாக்கியத்தின் சரியான வடிவம், ‘சிலருக்கு ஒரு ஊசி போதாமல் போகலாம்’ என்பதுதான். ஆல்ஃபா வாசல் திறந்தே இருக்கிறது. அட்ரினலின் அங்கே தன் வேலையைச் செய்யும்.

கிடத்தும் விதமும் மருந்தளவுக்கு முக்கியம். பம்ஃப்ரி 2003இல், மருத்துவமனைக்கு வெளியே அதிர்ச்சி நிலைக்குப் போய் இறந்த பத்துப் பேரை ஆராய்ந்தபோது, நால்வர் எழுந்து நின்றவுடனோ நிமிர்ந்து உட்கார்ந்தவுடனோ போய்விட்டார்கள் என்று கண்டார். கொட்டு வாங்கி மயக்கம் வந்தவரை பைக்கில் நடுவில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு போவது நம் வழக்கம். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் அழுத்தம் சரிந்த உடலில் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் அந்த நிமிர்ந்த நிலையிலேயே வற்றிவிடுகிறது. மூச்சுத் திணறல் இல்லாவிட்டால் மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, 108ஐ அழைப்பதுதான் சரி. ரத்த அழுத்த மாத்திரை உள்ளே இருக்கிற உடம்புக்கு இந்த எச்சரிக்கை இன்னும் ஒரு படி கூடுதலாகவே பொருந்தும்.

கடைசி ஆட்சேபம், இவை எல்லாம் ஐரோப்பியக் கணக்குகள் என்பது. அங்கே கொட்டுவது ஐரோப்பியத் தேனீயும் வெஸ்புலா என்னும் சிறு மஞ்சள் குளவியும். இங்கே மலைத்தேனீ, கதண்டு. அங்கே ஒவ்வாமை உள்ளவர் தன் பையில் அட்ரினலின் பேனாவை வைத்திருப்பார்; இங்கே அது எளிதில் கிடைப்பதில்லை, விஷச் சிகிச்சைக்கும் பெருநகரங்களைத் தேடிப் போக வேண்டும். விஷப் புரதங்கள் வேறுபடலாம் என்பது உண்மை. ஆனால் மாத்திரையின் வேலை பூச்சிக்குப் பூச்சி மாறுவதில்லை. பீட்டா ஏற்பியும் பிராடிகைனினும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். வசதிக் குறைவு என்ற பகுதி என் வாதத்தைப் பலவீனப்படுத்தவில்லை, பலப்படுத்துகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் பெண்களில் 21 சதவீதத்தினர், ஆண்களில் 24 சதவீதத்தினர் ரத்த அழுத்தம் உயர்ந்தவர்கள் அல்லது அதற்கு மருந்து எடுப்பவர்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. தென்னந்தோப்பிலும் வயல் வரப்பிலும் வேலை செய்கிற, கொட்டு வாங்க வாய்ப்புள்ள அதே ஆட்களின் கையில் அந்த மாத்திரை அட்டை இருக்கிறது. அவர்களிடம் மாத்திரையைப் பற்றிய பயத்தைப் பரப்பினால் ஒரு பக்கவாத அலையை விலைக்கு வாங்குவோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்ரினலின் ஆம்பூல் இருக்கிறது, விலையும் அற்பம்; அதைத் தயங்காமல் தொடையில் போடுவதற்கான பயிற்சியில் அந்தக் கவலையைச் செலவழித்தால் மாத்திரை எடுப்பவர், எடுக்காதவர் இருவரும் பிழைப்பார்கள்.

ஒரு தடவை கொட்டுக்கு மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தவர் மருத்துவரிடம் போகும்போது, எடுத்துக்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்பார்கள். இதில் விட்டுப்போகும் சில இருக்கின்றன. ஒற்றைத் தலைவலிக்கோ கை நடுக்கத்துக்கோ கொடுத்த ப்ரொப்ரனலால் ஒரு பீட்டா பிளாக்கர்தான், அதை யாரும் பிரஷர் மாத்திரை என்று நினைப்பதில்லை. கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் பீட்டா பிளாக்கர்தான். கண்ணில் விடுவது ரத்தத்துக்குப் போகாது என்று எண்ண வேண்டாம், போகும். கடும் எதிர்வினை அடங்கிச் சில நாள் கழிந்தபின் ஒருமுறை ரத்தத்தில் டிரிப்டேஸ் அளவும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அது வழக்கத்துக்கு மேல் இருந்தால், மாத்திரையைப் பற்றிய விவாதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மாஸ்ட் செல் நோய் இருக்கிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும்.